பதினோராம் மாடிக்குப் பத்து மார்க்

அந்த விமர்சகருக்கு அரைமார்க்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. பதினெட்டு வருடமாக வீடியோ கேம்களுக்கு மார்க் போடுகிற உத்தியோகம். எத்தனை அருமையான கேமாக இருந்தாலும் எங்கேயாவது ஒரு அரை மார்க்கைப் பிடுங்கிக்கொள்ளாமல் விடமாட்டார். கடலைக் காட்டிய கேமில் அலைக்கு நுரை போதவில்லை என்று அரை. குதிரை ஓட்டுகிற கேமில் குதிரை ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை என்று அரை. தேவலோகத்தையே கொண்டுவந்து எதிரே இறக்கினாலும் வாசற்படி கொஞ்சம் வழுக்குகிறது என்று ஒன்பதரைதான் போடுவார். பத்துக்குப் பத்து அவர் கையால் விழுந்ததே கிடையாது. தன் கல்யாணத்துக்கே அவர் ஒன்பது போட்டதாக ஒரு வதந்தி உண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் அவர் மனைவி அதை மறுப்பார்.

"ஒன்பதா? எட்டரை. சாப்பாடு ஆறிப்போச்சாம்."

இப்பேர்ப்பட்ட மனுஷருக்குப் போன வருடம் ஒரு கறை விழுந்தது. அறுபது மணி நேரக் கேம் ஒன்றை நாற்பதாவது மணியோடு மூடிவைத்துவிட்டு, மீதியை ஊகித்து எழுதிவிட்டார். வில்லன் கடைசியில் செத்துப்போகிறான் என்று எழுதினார். எந்தக் கேமில்தான் வில்லன் சாகவில்லை? இந்தக் கேமில் சாகவில்லை. கதாநாயகனுக்குச் சித்தப்பாவாகி, கூடவே குடித்தனம் வந்துவிட்டான். வாசகர்கள் விடுவார்களா? "சித்தப்பாவைப் பாத்தீங்களா சார்?" என்று ஒரு மாதம் கேட்டுக் கேட்டு அவரைச் சல்லடையாக்கிவிட்டார்கள்.

அவர் எழுதுகிற இணையதளத்தின் ஆசிரியர் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் கத்துகிற ரகம் இல்லை. சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிற ரகம்.

"இனிமே கடைசித் திரையைப் படம் புடிச்சு அனுப்பினாத்தான்யா உன் விமர்சனம் ஏறும். இன்னொரு தடவை முடிக்காத கேமுக்கு மார்க் போட்டேன்னு தெரிஞ்சுது, கேம் பக்கமே வரவேண்டாம். ஃப்ரிட்ஜ் பிரிவுல இடம் காலியா இருக்கு."

ஃப்ரிட்ஜ் பிரிவு என்றால் கதவைத் திறந்து, உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்த்து, மூடி, மார்க் போடுவது. அங்கே போனவர் எவரும் பழைய மனுஷராகத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. அரைமார்க்கு அன்றிலிருந்து எந்தக் கேமையும் கடைசி எழுத்து வரை நக்கித் துடைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

அப்போதுதான் 'நாற்பது மாடி' வந்து சேர்ந்தது.

பதினாலே பேர் இருக்கிற ஒரு சின்னக் கம்பெனி செய்த கேம் அது. நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பழுதாகிவிடுகிறது. விளையாடுகிறவர் லிஃப்ட் மெக்கானிக். கீழிருந்து ஒவ்வொரு மாடியாகப் படியேறி, அந்தந்த மாடியின் பூட்டையும் புதிரையும் அவிழ்த்து, உச்சிக்குப் போய் மோட்டாரைச் சரிசெய்ய வேண்டும். வெளியீட்டுக்கு முன்னால் கேம் கசிந்துவிடக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆறு விமர்சகர்களைத் தங்கள் ஆபீசுக்கே வரவழைத்தார்கள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை ஆடலாம். ஐந்து மணிக்கு விமர்சனம் வெளியிடலாம். அதற்கு முன்னால் யாரும் மூச்சுவிடக் கூடாது.

ஆட விட்ட அறை இருக்கிறதே, அதைப் பார்த்தால் சிறைச்சாலைக்கு நாமே மனுப்போட்டு மாற்றிக்கொள்ளத் தோன்றும். ஜன்னல் கிடையாது. ஏசி குளிரில் பேனா மை உறைந்துபோகும். ஆறு மேசைகளுக்கு நடுவே அட்டைத் தடுப்பு. செல்போன்களை ஒரு பிளாஸ்டிக் தட்டில் வாங்கிக் கொண்டுபோய் அலமாரியில் பூட்டினார்கள். கதவோரம் ஒரு நாற்காலி. அதில் கம்பெனிப் பெண் ஒருத்தி. முப்பது வயதிருக்கும். யார் எந்த மாடியில் எத்தனை நிமிஷம் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது வேலை. கேமைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

அரைமார்க்கு பத்து மாடியைப் பதினொரு மணிக்குள் ஊதித் தள்ளினார். பதினோராம் மாடியில் ஓர் ஆவண அறை. உள்ளே நுழைந்ததும் பின்னால் கதவு தானாக மூடிக்கொண்டது. எதிரே இன்னொரு இரும்புக் கதவு. ஒரு நாற்காலி, ஒரு பெரிய பீரோ, சொட்டுகிற குழாய், சுவரில் கடிகாரம், அடுக்கடுக்காகக் கோப்புகள். அவ்வளவுதான்.

இரும்புக் கதவு திறக்கவில்லை.

குழாயைத் திருகினார். மூடினார். மறுபடி திருகினார். முந்நூறு தடவை திருகியிருப்பார்; நிஜக் குழாயாக இருந்தால் ஊருக்கே தண்ணீர் வற்றியிருக்கும். கடிகாரத்தின் எண்களைக் கூட்டினார், கழித்தார், பெருக்கினார். கோப்புகளில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பக்க லிஃப்ட் பராமரிப்புக் குறிப்பை ஒரு வரி விடாமல் படித்தார். அந்தச் சமயத்தில் யாராவது நிஜமான லிஃப்டைக் கொடுத்திருந்தால் கழற்றி மாட்டியிருப்பார். ஸ்பானரால் கதவைத் தட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார். மணி பன்னிரண்டரை.

பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. போட்டித் தளத்து விமர்சகர். எந்தக் கேமுக்கும் பத்துக்குப் பத்து போடுகிற தாராளப் பிரபு. அதனால் தொழிலில் அவருக்குப் பாரி வள்ளல் என்று பட்டம்.

"என்னண்ணே, எத்தனாவது மாடி?"

"அது எதுக்குய்யா உனக்கு? போய்க்கிட்டே இருக்கேன்."

"நானும்தாண்ணே. பறக்குறேன்."

"சொட்டுற சத்தம் கேக்குதே உன் பக்கம்?"

"ஏசிண்ணே அது, ஏசி."

ஏசியாம். அந்த அறையில் அன்றைக்கு ஆறு ஏசி சொட்டிக்கொண்டிருந்தன. ஆறு பேருமே பதினோராம் மாடியில்தான் கிடந்தார்கள். ஆனால் வாயைத் திறந்து "மாட்டிக்கிட்டேன்" என்று சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. இது புதிராக இருந்து தனக்கு மட்டும் புரியவில்லை என்றால்? ஊரார் கேமுக்கெல்லாம் "சின்னப் பிள்ளைக்குக்கூட வழி தெரியும்" என்று எழுதின கை அல்லவா அது!

ஒரு கட்டத்தில் அரைமார்க்கு பெருமையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனார்.

"ஏம்மா, இந்தக் கதவு..."

"சார், கேமைப் பத்தி நான் எதுவும் பேசக் கூடாது."

பெருமை பையிலிருந்து குதித்து வெளியே வந்துவிட்டது. "கேமை யாரு கேட்டா? பாத்ரூம் கதவைக் கேட்டேன்."

"வலது பக்கம் சார்."

கேட்ட தோஷத்துக்குப் போய்விட்டு வந்தார். இன்னும் மூன்று தடவை அப்படிக் கேட்கப் போய், மூன்று தடவையும் பாத்ரூம்தான் கிடைத்தது. அந்தப் பெண் இரக்கத்தோடு குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவருக்கு எந்தப் பக்கம் உபத்திரவம் என்று அவள் என்ன கண்டாள்!

மணி இரண்டு நாற்பது. கடைசித் திரை இல்லையென்றால் விமர்சனம் இல்லை. விமர்சனம் இல்லையென்றால் ஃப்ரிட்ஜ். அரைமார்க்குக்கு ஜன்னலில்லாத அறையும் திரைக்குள் இருந்த அறையும் ஒன்றாகிவிட்டன. எந்தக் கதவைப் பார்த்தாலும் இரும்பாகத் தெரிந்தது. கேமை ஆட்டுகிற கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தார். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். இனி என்ன, வந்தது வரட்டும்.

பத்து நிமிஷம் போயிருக்கும். திரை மெல்ல மங்கியது. எங்கிருந்தோ ஒரு புல்லாங்குழல். கறுப்புப் பின்னணியில் ஒவ்வொரு பெயராக மேலே ஏறத் தொடங்கியது: கதை, இசை, அறை வடிவமைப்பு, வண்ணம்.

அரைமார்க்கு நாற்காலியோடு ஒரு முழம் எம்பினார்.

முடிவு! இதுதான் முடிவு! திறக்கப் பார்க்கிற வரைக்கும் கதவு திறக்காது. கையை விட்டாய், விடுதலை! நாற்பது மாடி என்று ஆசை காட்டி, பதினொன்றில் நிறுத்தி, மனுஷனின் பேராசைக்கு ஒரு அறை! பதினெட்டு வருஷத்தில் எந்தக் கேமாவது இப்படி ஒரு காரியம் செய்ததுண்டா? அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அது ஞானத்தில் வந்ததா, ஃப்ரிட்ஜிலிருந்து தப்பிய நிம்மதியில் வந்ததா என்று பிரித்துச் சொல்ல அப்போது அவருக்கே நேரமில்லை. பெயர்கள் ஓடுகிற திரையை அந்தக் கணினியிலேயே படம் பிடித்தார். எழுத உட்கார்ந்தார். எழுதினாரா, சாமியாடினாரா என்றுதான் சொல்ல வேண்டும்.

'கதவைத் தட்டுகிறவனுக்குக் கதவு. கையை விடுகிறவனுக்கு வானம்' என்று முடித்துவிட்டுக் கீழே மார்க் போட்டார். பத்து.

ஐந்து மணிக்கு விமர்சனம் வெளியானது. செல்போன்கள் திரும்பக் கிடைத்ததும் மற்ற ஐந்து பேரும் முதல் வேலையாக அரைமார்க்கு என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தார்கள். ஐந்து பேரும் சத்தமில்லாமல் தங்கள் இடத்துக்குத் திரும்பி, கன்ட்ரோலரைக் கீழே வைத்து, கையை மடியில் போட்டுக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் ஐந்து புல்லாங்குழலும் சேர்ந்து ஊதின. பாரி வள்ளல் பதினொன்று போட முடியாதா என்று தன் தளத்துக்குப் போன்போட்டுக் கேட்டாராம். எல்லா விமர்சகர்களின் மார்க்கையும் கூட்டிச் சராசரி போடுகிற தளத்தில் 'நாற்பது மாடி' தொண்ணூற்றேழில் போய் உட்கார்ந்தது. அன்று ராத்திரியே வெளியீடு ஆனதும் உலகமே பதினோராம் மாடிக்கு ஏறி, கையை விட்டது.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஒன்பதுக்கு அந்தக் கம்பெனிப் பெண் போன் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். தோளில் மடிக்கணினிப் பை. முகம் இரவு முழுக்கத் தூங்காத முகம்.

"வாம்மா, வா. பாராட்டெல்லாம் எதுக்கு, கடமையைத்தானே செஞ்சேன்," என்று அரைமார்க்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவி சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"சார், அது முடிவு இல்ல சார்."

"என்னது?"

"பத்து நிமிஷம் யாரும் எதையும் தொடலைன்னா பேர்லாம் ஓடும் சார். கடையில காட்சிக்கு வெச்சா சும்மா நிக்கக் கூடாதேன்னு வெச்சோம். எந்த மாடியில கையை எடுத்தாலும் ஓடும்."

அரைமார்க்கின் காதில் புல்லாங்குழல் நின்றுவிட்டது.

"அப்ப அந்தக் கதவு?"

"பக் சார், கேம்ல விழுந்த ஓட்டை. நான் பண்ணது." அவள் விரல்களைப் பின்னிக்கொண்டாள். "கேம்ல இருக்கிற அறையெல்லாம் நான்தான் அடுக்கினேன். பதினோராம் மாடியில சுவரை ஒட்டி ஒரு இடம் இருக்கு, அங்க போய் நின்னா கதவு திறக்கும். கடைசி நாள் பாத்தேன், பீரோ கொஞ்சம் தள்ளி இருந்தா அழகா இருக்குமேன்னு ஒரு முழம் நகத்திட்டேன். அது நேரா அந்த இடத்து மேல போய் உக்காந்துடுச்சு."

"யாரும் ஆடிப் பாக்கலையா?"

"நாங்க ஒவ்வொரு மாடியையும் தனித்தனியாத் திறந்துதான் சார் ஆடிப் பாப்போம். பதினொண்ணுக்குள்ள வருவோம், சரியா இருக்கும். பன்னெண்டுல இருந்து தொடங்குவோம், சரியா இருக்கும். பதினொண்ணுல இருந்து பன்னெண்டுக்கு நடந்து யாருமே போகல."

சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கம் சிவப்புப் பேனா நின்றது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, அழுகையா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது.

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நேத்து எனக்கே தெரியாது சார். ஆறு பேரும் பதினொண்ணுல நின்னப்போ புதிர் கஷ்டம்னு நெனச்சேன். உங்க திரையில பேர் ஓடினப்போ, ஐயா கொஞ்சம் கண்ணசந்துட்டார் போலன்னுதான் நெனச்சேன். ஆறு பேரும் கண்ணசந்தப்புறம்தான் சந்தேகம் வந்துது."

"சரி, பீரோவைத் திருப்பி நகத்தி ஒரு அப்டேட் விடுங்க. முடிஞ்சுதுல்ல?"

"முதலாளி விட மாட்டேங்கறார் சார். 'ஓட்டைன்னு யாரு சொன்னா? அரைமார்க்கே பத்து போட்டிருக்காரு, அது கலை'ங்கறார். எனக்குக் கைகுடுத்து, பீரோவை நகத்தின கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டார். மேல இருபத்தொம்பது மாடி இருக்கு சார். மூணு வருஷம். ஒருத்தர்கூடப் பாக்கப் போறதில்ல. நீங்க எழுதினா மட்டும்தான் அவர் கதவைத் திறப்பார்."

அரைமார்க்குக்கு உட்கார்ந்த இடத்திலேயே இரும்புக் கதவு ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் சாத்திக்கொண்டது. எழுதினால், முடிக்காத கேமுக்கு மறுபடியும் மார்க் போட்டவன். அதுவும் வாழ்க்கையின் முதல் பத்தை. சித்தப்பாவாவது ஒரு மாதத்தில் ஓய்ந்தார். இது அவர் கருமாதிவரை கூட வரும். எழுதாவிட்டால், எதிரே உட்கார்ந்திருக்கிற பெண்ணின் மூன்று வருஷத்தை அவரே பூட்டிச் சாவியை விழுங்கினதாக ஆகும்.

தப்பிக்க ஒரு சந்து தேடினார். "முதல்ல நான் மீதியை ஆடிப் பாக்கணும். பாக்காம எப்படி எழுத?"

சொன்னதும் தன் வாக்கியம் தன்மேலேயே விழுந்ததை உணர்ந்து இருமினார்.

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். கடையில் விற்கிற அதே கேம். "அப்டேட் இல்லாமலே ஒரு வழி இருக்கு சார், நேத்து ராத்திரிதான் கண்டுபிடிச்சேன். நாற்காலியை இழுத்துப் பீரோ பக்கத்துல போட்டு, மேல ஏறி, பின்னாடி இருக்கிற இடுக்குல குதிக்கணும். கால் அந்த இடத்துல பட்டுடும்." குதித்தார். இரும்புக் கதவு முனகிக்கொண்டே திறந்தது. முந்நூறு தடவை குழாயைத் திருகிய கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

சனி முழுப் பகல், ஞாயிறு முழுப் பகல். அவர் இந்தப் பக்கம் ஏற, டீச்சர் அந்தப் பக்கம் திருத்த, சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமே இல்லை. பதினேழாம் மாடியில் வாய்விட்டுச் சிரித்தார். இருபதிலிருந்து இருபத்தாறுவரை கொட்டாவி. அந்தக் குதிரைக்குச் சேரவேண்டிய கொட்டாவியெல்லாம் அவரே விட்டார். முப்பத்து மூன்றாம் மாடியில் மழை பெய்கிற ஒரு காலி வகுப்பறை இருந்தது. அதில் கால் மணி நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றார். உச்சி மாடியில் மோட்டார் ஓடத் தொடங்கியபோது முடிவு அவசரமாக ஒட்டுப்போட்டதுபோல இருந்தது. மீண்டும் பெயர்கள் ஓடின. இந்தத் தடவை நிஜமாகவே.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"உள்ளதைச் சொல்லட்டுமாம்மா?"

"சொல்லுங்க சார்."

"ஆறரை."

எதிர்முனையில் பேனா எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. 

"அப்ப அதையே போடுங்க சார்," என்றாள். "பத்து நீங்க உங்களுக்கே போட்டுக்கிட்டது. எங்க கேம் அதுல இல்ல. ஆறரைன்னாலும் அது எங்க ஆறரை."

போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம்.

"ஏங்க, ஒரு பையன் பேப்பர்ல முதல் பக்கத்தை மட்டும் பாத்துட்டு நான் நூறு போட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? சந்தோஷப்படுவான்."

"பின்னாடி பத்தொம்பது பக்கம் உக்காந்து எழுதியிருக்கானே, அவனுக்கு எப்படி இருக்கும்?"

"உனக்கு என்ன தெரியும், உன் பசங்க யாரும் உன்னைச் சித்தப்பான்னு கூப்பிடல."

ஆனாலும் ஆசிரியருக்குப் போன் போட்டார்.

"சார், அந்தப் பதினோராம் மாடி... அது முடிவு இல்லையாம் சார், கேம்ல ஓட்டையாம்."

"யாரு சொன்னா?"

"மேல இருபத்தொம்பது மாடி இருக்கு சார்."

ஆசிரியர் சிரிப்பது கேட்டது. இதமான சிரிப்பு. "கடைசித் திரையைப் படம் புடிச்சு அனுப்பினியேய்யா?"

"அது... கடைசித் திரை மாதிரி ஒண்ணு சார்."

"இத பாரு. நீ எதையும் சொல்லல, நான் எதையும் கேக்கல. நம்ம தளத்துல இதுவரைக்கும் எந்த விமர்சனத்தையும் இத்தனை பேர் படிச்சதில்ல. 'கையை விடு'ன்னு சட்டையில அச்சடிச்சு மாட்டிக்கிட்டுத் திரியறான்யா ஊரே. நாளைக்குக் காலையில பதினொரு மணிக்கு நேரலை. நீ அந்த அறைக்குள்ள போற, கன்ட்ரோலரைக் கீழ வெக்கிற, பத்து நிமிஷம் மௌனம், பேர் ஓடும், நீ கண்ணைத் தொடச்சுக்கிற. உலகமே உன்கூடக் கையை விடப் போகுது. வேற ஏதாவது வாயைத் திறந்த, அடுத்த நிமிஷம் வெளிய. சாப்பிட்டியா?"

சாப்பிடவில்லை. ராத்திரியும் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை ஸ்டுடியோ. மூன்று பக்கமும் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் இருநூறு பேர். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கன்ட்ரோலர். மேலே விளக்கு, முன்னால் நான்கு கேமரா, காதுக்குள் ஆசிரியர். பக்கத்து நாற்காலியில் சிறப்பு விருந்தினராகப் பாரி வள்ளல், புதுச்சட்டை. நேரலையில் பார்ப்பவர்கள் எண்ணிக்கை திரையின் மூலையில் இலவம்பஞ்சு மாதிரி பறந்து ஏறிக்கொண்டிருந்தது.

பத்து மாடி ஏறிச் சேமித்துவைத்த ஆட்டத்தைத் திறந்து, ஆவண அறைக்குள் நுழைந்தார். பின்கதவு சாத்தியது. குழாய் சொட்டியது. கன்ட்ரோலரைக் கீழே வைத்து, கைகளை மடியில் போட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருநூறு கன்ட்ரோலர்கள் கீழே இறங்கின.

மௌனம். முதல் நிமிஷம்.

பத்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று கையைக் கட்டிப்போட்டு உட்கார்ந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். மூன்றாம் நிமிஷத்துக்குள் அரைமார்க்கு தன் பதினெட்டு வருஷத்தையும் ஒருதரம் வாழ்ந்து முடித்துவிட்டார். நான்காம் நிமிஷத்தில் மழை பெய்கிற வகுப்பறை ஞாபகம் வந்தது. இந்தக் கதவு திறக்காவிட்டால் அந்த மழை யாருக்கும் பெய்யாது. அவர் ஒருவர்தான் அதில் நனைந்தவர், அவரும் சொல்லப்போவதில்லை. இன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டால் நாளைக்கும் துடைக்க வேண்டும், நாளை மறுநாளும். ஊர் ஊராகப் போய்க் கையை விட்டுக்கொண்டே சாகவேண்டியதுதான்.

"அண்ணே," பாரி வள்ளல் உதடு அசையாமல் கிசுகிசுத்தார். "மூக்கு அரிக்குது. தொடலாமா?"

"தொட்டா என்ன?"

"ஞானம் போயிடுமான்னு கேட்டேன்."

"உனக்குத் தெரியும்ல, இது முடிவு இல்லன்னு?"

பாரி வள்ளல் கேமராவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு அன்னைக்கே சந்தேகம்ணே. நீங்க பத்து போட்டுட்டீங்க. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

ஆறாம் நிமிஷம். ஏழு. காதுக்குள் ஆசிரியர், "பிரமாதம்யா, அந்தக் கண்ணுல தண்ணி இப்பவே நிக்குது பாரு," என்றார். அது தண்ணி இல்லை, வியர்வை. எட்டு.

ஒன்பதாம் நிமிஷம் பாதி. அரைமார்க்கின் வலது கை, எஜமானனைக் கேட்காமலே மடியிலிருந்து எழுந்து போய்க் கன்ட்ரோலரை எடுத்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருநூறு பேரும் "அய்யய்யோ" என்றார்கள். மூலையில் எண் நின்றது.

"என்னய்யா பண்ற? வெய்யி. கீழ வெய்யி!"

நாற்காலியை இழுத்துப் பீரோ பக்கத்தில் போட்டார். ஏறினார். முதல் தடவை குதித்தபோது இடுக்கு தப்பிவிட்டது, முன்பக்கமே விழுந்தார். அரங்கில் யாரோ சிரித்தார்கள். மறுபடி ஏறிக் குதித்தார். இரும்புக் கதவு முனகியது. பிறகு திறந்தது. அந்தப் பக்கம் பன்னிரண்டாம் மாடியின் படிக்கட்டு, மஞ்சள் வெளிச்சத்தில், மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

"முடிக்காத கேமுக்கு நான் பத்து போட்டுட்டேங்க," என்றார் அரைமார்க்கு. குரல் அவருடையது மாதிரியே இல்லை. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனின் குரல். "மாட்டிக்கிட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துது, ஞானம்னு சொல்லிட்டேன். அந்தப் பத்தை எடுத்துட்டேன். நிஜ மார்க்கை மேல போனதும் சொல்றேன்."

அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள் கூச்சல். சட்டையில் 'கையை விடு' என்று அச்சடித்தவர்கள் எழுந்து நின்று திட்டினார்கள். "சித்தப்பா! சித்தப்பா!" என்று ஒரு மூலை. "பீரோ மேல எப்படி ஏறினீங்க, இன்னொரு தடவை காட்டுங்க," என்று இன்னொரு மூலை. முன்வரிசையில் நாலைந்து பேர் எதுவும் பேசாமல் கன்ட்ரோலரை மடிக்கு எடுத்துக்கொண்டார்கள். பாரி வள்ளல் நிம்மதியாக மூக்கைச் சொறிந்துகொண்டார். மூலையில் நின்றுபோயிருந்த எண் பைத்தியம் பிடித்ததுபோல ஏறியது.

காதுக்குள் ஆசிரியர் முதல்முறையாகச் சிரிக்காமல் பேசினார். "இந்த நிமிஷத்தோட உன் வேலை போச்சு. கேமை நிறுத்திட்டு வெளிய வா."

அரைமார்க்கு பன்னிரண்டாம் மாடிப் படியில் முதல் காலை வைத்தார். அவர் முதுகுக்குப் பின்னால், அந்தக் கேமின் வழக்கப்படி, இரும்புக் கதவு சாத்திக்கொண்டது.

"வெளிய வர வழி இல்ல சார்," என்றார். "பின்னாடி கதவு மூடிக்கிச்சு. இன்னும் இருபத்தொம்பது மாடி ஏறணும், ஒம்பது மணி நேரம் ஆகும். இருபதுலேருந்து இருபத்தாறு வரைக்கும் கொஞ்சம் போர் அடிக்கும், முன்னாடியே சொல்லிடறேன்."